வெறுங்கழுத்து

ஆடுகளைப் பிரிக்க ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. மொத்தம் எண்பத்து நான்கு. பெரியவன் பங்குக்கு முதுகில் சிவப்புச் சாயம், சின்னவன் பங்குக்கு நீலம். மத்தியஸ்தத்துக்குக் கசாப்புக்காரர் வந்திருந்தார். அண்ணன் தம்பி பிரிகிற வீட்டில் கசாப்புக்காரரை நடுவில் உட்கார வைத்தால் ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். ஆனாலும் அந்த மனிதர் அன்று நியாயமாகவே நடந்துகொண்டார். கிழட்டுக்குக் கிழடு, நொண்டிக்கு நொண்டி, சினைக்குச் சினை. மயிர் கத்தரிக்கிற கத்தரிகள், பால் குடங்கள், ஏணி, கம்பிச் சுருள் எல்லாம் மதியத்துக்குள் இரண்டாகிவிட்டன. மிஞ்சியது நாய்.

அது பட்டியின் நடுவில், ஒரு கிழட்டு ஆட்டின் வயிற்றில் தலையை வைத்துப் படுத்திருந்தது. கன்றுக்குட்டி உயரம், வெள்ளை வெளேரென்ற ரோமம். குட்டியாக வந்தபோது அவிழ்ந்துபோன கம்பளி மூட்டை மாதிரி இருந்ததால் மூட்டை என்றே பெயர் நின்றுவிட்டது. கழுத்தைச் சுற்றி இரும்பு முள் பட்டை. ஒவ்வொரு முள்ளும் விரல் நீளம். ஓநாய் முதலில் கவ்வுவது தொண்டையை. அங்கே இந்தப் பட்டை இருந்தால் கிழிவது ஓநாயின் வாய்.

"நாயை எப்படிப்பா அறுத்துப் பங்கு போடறது?" என்றார் கசாப்புக்காரர். "அது மட்டும் என் தொழில் இல்ல."

"நாய் எனக்கு. குட்டியில தூக்கிட்டு வந்தவன் நான்" என்றான் பெரியவன்.

"தூக்கிட்டு வந்ததோட சரி. நாலு வருஷமா கஞ்சி ஊத்தினது அண்ணி. அவங்களைக் கேளு" என்றான் சின்னவன்.

"அவகிட்ட என்ன கேக்கறது?"

கேட்கவில்லை. பெரியவனின் மனைவி பால்காரி, எட்டடி தூரத்தில் குடத்தைக் கழுவிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். இந்த நாய் உங்கள் யாருக்கும் சொந்தமில்லை, ஆடுகளுக்குச் சொந்தம் என்று. இந்த இனத்தை வளர்க்கிற முறையே அப்படி. ஆறாவது வாரத்தில் தாயிடமிருந்து பிரித்து நேரே பட்டியில் விட்டுவிட வேண்டும். வீட்டுக்குள் ஏற்றக் கூடாது, மடியில் வைக்கக் கூடாது, கொஞ்சக் கூடாது. மனிதன் மடியில் வளர்ந்தால் மனிதனைக் காக்கும், ஆட்டோடு வளர்ந்தால் ஆட்டைக் காக்கும். பால்காரி மனதைக் கல்லாக்கிக்கொண்டு அப்படித்தான் வளர்த்தாள். வாரம் ஒருமுறை முள் பட்டையைக் கழற்றி, கீழே புண் இருக்கிறதா என்று ரோமத்தை விலக்கிப் பார்த்து, கொழுப்புத் தடவித் திரும்ப மாட்டுவாள். அந்தக் கால் மணி நேரம்தான் அவளுக்கும் அதற்கும் உள்ள உறவு. அந்தக் கழுத்தைத் தொட அது வேறு யாரையும் விட்டதில்லை.

"அது எங்க படுக்குதோ அங்கயே இருக்கட்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கசாப்புக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார்.

பிரிவினை எதனால் வந்தது என்று கேட்டால் பெரியவனின் கையால் வந்தது. அவனுக்கு வாய்க்கு முன்னால் கை நீளும். சந்தையில் நாலு பேர் பார்க்க, வண்டிக் கதவைச் சாத்தவில்லை என்று தம்பியின் கன்னத்தில் அறைந்தான். முப்பது வயது ஆளை, அவன் பெண்டாட்டி பக்கத்தில் நிற்கும்போது. சின்னவன் அன்று திருப்பி அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, பங்கைப் பிரி என்று மட்டும் சொன்னான்.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய செங்கல் சூளை. பாதிச் சுவர் இடிந்து கிடந்தது. சின்னவன் நீல ஆடுகளை அங்கே ஓட்டிக்கொண்டு போனான். அவன் மனைவி தையல்காரி, தையல் மெஷினைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடைப் பலகையைத் தாண்டினாள். "அக்கா, ஊசி விழுந்தா கேக்கற தூரத்துலதான இருக்கோம், அழாதீங்க" என்றாள் அவள், அழுதுகொண்டே.

மூட்டை அன்று சாயங்காலம் பட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. ஒவ்வொரு ஆடாக மோந்து பார்த்தது. பாதியைக் காணோம். வேலியைத் தாண்டி ஓடையில் இறங்கிப் போய்விட்டது. விடிகாலையில் நெஞ்சுவரை ஈரமாகத் திரும்பி வந்து, கஞ்சியைக் குடித்துவிட்டுச் சிவப்பு ஆடுகளின் நடுவில் படுத்தது. மறுநாளும் அப்படியே. பாதி நேரம் இங்கே, பாதி நேரம் அங்கே. இரண்டு பட்டிக்கும் நடுவில் புல் மிதிபட்டு ஒரு தடமே விழுந்துவிட்டது. பத்து நாளில் அதன் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

"என் கஞ்சியைக் குடிச்சிட்டு அவன் ஆட்டுக்குக் காவல் காக்குதா?" என்றான் பெரியவன்.

"அதுக்கு சிவப்பும் நீலமும் தெரியுமாங்க? எல்லாமே அதோட ஆடுதான்."

"நீ யார் பக்கம்?"

"நான் ஆட்டுக்கு வால் பக்கம். கறக்கறவ வேற எங்க உட்காருவா?"

அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். அவனுக்குக் கை. விழுந்த அறையில் அவள் காதில் சாயங்காலம்வரை வண்டு இரைந்தது.

மறுநாள் அவன் மாடு கட்டுகிற சங்கிலி ஒன்றைக் கொண்டுவந்தான். முள் பட்டையில் வளையம் கிடையாது, சங்கிலியை மாட்ட வழியில்லை. பழைய குதிரைச் சேணத்திலிருந்து அறுத்த தோல் வாரில் ஒரு வளையம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நாயின் அருகே போனான். மூட்டை எழுந்திருக்கவில்லை. மேலுதட்டை மட்டும் தூக்கிக் காட்டியது. பெரியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"நீ கழட்டு" என்றான் மனைவியிடம்.

"வேண்டாங்க. கழுத்து வெறுமையா இருந்தா ஆபத்து."

"கட்டிப்போட்ட நாய்க்கு எதுக்கு முள்ளு? வேலிக்குள்ள என்ன வந்துடப் போகுது? கழட்டுன்னா கழட்டு."

அவள் போய் முன்னால் குந்தினாள். கொழுப்புத் தடவுகிற நாள் என்று நினைத்துக்கொண்டு அது கழுத்தை நீட்டிக் கொடுத்தது. கண்ணைக்கூட மூடிக்கொண்டது. பட்டையைக் கழற்றினாள், தோல் வாரை மாட்டினாள், பட்டிக் கம்பத்தில் கட்டியிருந்த சங்கிலியை வளையத்தில் கோத்தாள். நம்பிக் கழுத்தைக் கொடுத்ததற்குத் துரோகம் பண்ணிவிட்டோம் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் முள் பட்டையை எடுத்துப்போய்க் கொட்டகையில் மாட்டிவிட்டு வந்தாள்.

நாலு நாள் மூட்டை கஞ்சியைத் தொடவில்லை. ஓடைப் பக்கம் பார்த்து நின்று குரைத்துக்கொண்டே இருந்தது. கம்பத்தைச் சுற்றி மண் வட்டமாகப் பள்ளம் விழுந்தது.

ஐந்தாம் நாள் விடியும்போது எதிரில் நிற்பவர் முகம் தெரியாத பனி. பால்காரி முக்காலியில் உட்கார்ந்து, ஆட்டின் பின்தொடையில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் கறந்துகொண்டிருந்தாள். ஏழு ஆடு முடிந்திருந்தது. பெரியவன் வாசல் கம்பம் ஒன்றைச் சம்மட்டியால் அடித்து இறக்கிக்கொண்டிருந்தான். அப்போது மூட்டையின் குரைப்பு மாறியது. ஆள் வந்தால் ஒரு குரைப்பு, நரிக்கு ஒரு குரைப்பு. இது அடிவயிற்றிலிருந்து வந்தது. முழுப் பலத்தோடு பாய்ந்தது, சங்கிலி இழுத்துக் கீழே தள்ளியது, எழுந்து மறுபடி பாய்ந்தது. பிறகுதான் ஓடைக்கு அப்பாலிருந்து ஆடுகள் அலறுவது கேட்டது. கூடவே தையல்காரியின் குரல்.

"ஓநாய்ங்க! அவிழ்த்து விடுங்க!"

"அவன் பட்டி, அவன் பாடு" என்றான் பெரியவன். சம்மட்டி நிற்கவில்லை.

பால்காரி குடத்தைத் தட்டிவிட்டு ஓடினாள். வாரின் கொக்கியைப் பிடித்தாள். நாய் இழுத்துக்கொண்டே இருந்ததால் கொக்கி விறைத்துக் கிடந்தது, ஊசியை வெளியே எடுக்க முடியவில்லை. "நில்லுடா, ஒரு நிமிஷம் நில்லுடா" என்று கெஞ்சினாள். பின்னாலிருந்து அவள் கொண்டையில் ஒரு கை விழுந்தது. பெரியவன் அவளை மயிரைப் பிடித்து மண்ணில் இழுத்தான். அவள் திரும்பி அவன் மணிக்கட்டைக் கடித்தாள். அதற்குள் வளையத்தை ஒட்டியிருந்த பழைய தோல் பட்டென்று அறுந்தது. வளையத்தோடு சங்கிலி கம்பத்தில் தங்கிவிட்டது. கழுத்தில் வெறும் தோல் வாரோடு மூட்டை பனிக்குள் போய்விட்டது.

அவள் பின்னாலேயே ஓடினாள். பலகையைத் தேடவில்லை, ஓடையில் இறங்கியே கடந்தாள்.

சூளை முற்றத்தில் முதலில் கண்ணில் பட்டது இரத்தம் இல்லை, கம்பளி. பிய்த்து எறிந்த கம்பளி சேற்றில் கொத்துக்கொத்தாகக் கிடந்தது. இடிந்த சுவரோரம் ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நசுங்கிக்கொண்டிருந்தன. சின்னவன் மண்வெட்டியைக் கண்டபடி வீசிக்கொண்டிருந்தான். தையல்காரி சட்டியைத் தட்டித் தட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். ஓநாய்கள் நாலோ ஐந்தோ, பனியில் எண்ண முடியவில்லை. ஒன்று உயிரோடிருந்த ஆட்டின் வயிற்றுக்குள் முகத்தைப் புதைத்திருந்தது.

மூட்டை இப்போது குரைக்கவில்லை. சண்டை என்று வந்துவிட்டால் அதற்குச் சத்தமே கிடையாது. வயிற்றைத் தின்றுகொண்டிருந்ததை முதுகில் கவ்வித் தூக்கி ஒரு உதறு உதறியது. விறகு முறிகிற சத்தம் கேட்டது. அதைக் கீழே போடுவதற்குள் இன்னொன்று பக்கவாட்டில் பாய்ந்து தொண்டையைக் கவ்வியது. முள் இருந்திருந்தால் அதன் தாடை அத்தோடு போயிருக்கும். பல் இறங்கியது. ஓநாய் தொங்கியது, விடவில்லை. மூட்டை தொங்குகிற ஓநாயோடே நடந்துபோய் அதைச் சுவரில் வைத்து நெஞ்சால் நசுக்கிப் பிடித்துக்கொண்டது. சின்னவனின் மண்வெட்டி மூன்று முறை இறங்கியது. மூன்றாவது முறைதான் அந்த வாய் திறந்தது. மற்றவை பனியில் கரைந்துவிட்டன.

நீல ஆடுகளில் பதினொன்று செத்துக் கிடந்தன. இரண்டு குடலை இழுத்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தன. சின்னவன் அவற்றின் கழுத்தை அறுத்து முடித்துவிட்டு, கத்தியைத் துடைக்காமலே நாயிடம் வந்தான். பால்காரி அதன் தொண்டையில் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் இரத்தம் சூடாக வந்துகொண்டே இருந்தது.

"முள் பட்டை எங்க அண்ணி?"

"கழட்டிட்டேன்."

"யாரு?"

"நான்தான் தம்பி. என் கையாலதான்."

"யாரு சொல்லிக் கழட்டினீங்க?"

அவள் காயத்தை இன்னும் அழுத்திப் பிடித்தாள். அவிழ்ந்து கிடந்த கொண்டையையும் கன்னத்து மண்ணையும் அறுந்த தோல் வாரையும் அவன் பார்த்தான். சொல்ல வேறென்ன இருக்கிறது.

தையல்காரி சாக்குத் தைக்கிற ஊசியும் கெட்டி நூலும் எடுத்து வந்தாள். "துணின்னு நினைச்சுக்கறேன் அக்கா. கையை எடுக்காதீங்க, நான் சொல்லும்போது மட்டும் தள்ளிக்குங்க" என்றாள். பதினான்கு தையல். உதட்டைக் கடித்துக்கொண்டு போட்டாள். மூட்டை முனகக்கூட இல்லை. கடைசி முடிச்சுப் போட்டதும் இரத்தம் கசிவாகக் குறைந்தது.

"பொழைச்சுக்குமா?" என்றாள் பால்காரி.

"தையல் நிக்கும். அது அசையாம இருந்தா."

கால்நடை டாக்டர் ஊருக்குள் இருந்தார். சாலை பெரியவன் வீட்டுப் பக்கம். செத்த ஆடுகளுக்கும் நாய்க்குமாக வரச்சொல்லியிருந்த கசாப்புக்காரரின் வேன் அங்கேதான் வரும். வேறு வழி கிடையாது. மூட்டையைத் தள்ளுவண்டியில் கம்பளி விரித்துப் படுக்கவைத்து, அகலப் பலகை போட்டு ஓடையைக் கடந்து, மூன்று பேருமாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வழிநெடுக பால்காரி அதன் நெற்றியில் கையை வைத்திருந்தாள். நாலு வருஷமாகக் கொஞ்சாத நாயை அன்றுதான் கொஞ்சினாள். "அசையாதடா ராசா. போயிடலாம். அசையாம இரு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இது பிழைத்தால் போதும், ஆடும் வேண்டாம் வீடும் வேண்டாம் என்று அவளுக்கு இருந்தது.

பெரியவன் வாசல் கம்பத்தை அடித்து முடித்திருந்தான். வண்டியைப் பார்த்தான், தம்பியின் சட்டையில் இரத்தத்தைப் பார்த்தான். அவன் முகம் ஒரு கணம் மாறியது. அப்போது அவன், "ஐயோ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை வேறு. சொன்னது இது: "எத்தனை போச்சு?"

"பதிமூணு" என்றான் சின்னவன். வண்டியை விட்டுவிட்டு, நாயைக் கட்டியிருந்த கம்பத்தடிக்குப் போனான். சங்கிலியை எடுத்துக் கையில் கனம் பார்த்தான். "மாட்டுச் சங்கிலியா?"

"என் நாய். என் சங்கிலி."

"கட்டினியே, முள்ளை ஏன் கழட்டின?"

"அதைப் போய் அவளைக் கேளு."

சின்னவன் கேட்கவில்லை. சந்தையில் வாங்கிய அறைக்கும் சேர்த்து அடித்தான். முதல் அடியில் பெரியவனின் முன்பல் ஒன்று போனது. இரண்டாவதில் இருவரும் சேற்றில் விழுந்தார்கள். சிவப்பு ஆடுகள் மூலைக்கு ஓடின. பெரியவன் தம்பியின் காதைக் கடித்தான். தம்பி சங்கிலியை அண்ணனின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி முழங்காலை முதுகில் ஊன்றி இழுத்தான்.

"நல்லா இருக்கா? கட்டிப்போட்டா எப்படிடா இருக்கு? சொல்லுடா!"

"விடு தம்பி, செத்துடுவாரு!" என்று பால்காரி அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். "விடுங்க! கொலைகாரன் பெண்டாட்டின்னு என்னை ஆக்கிடாதீங்க!" என்று தையல்காரி அவன் விரல்களைப் பிரித்தாள். பெரியவனின் முகம் நீலம் பாரித்த பிறகுதான் சங்கிலி தளர்ந்தது. அவன் தவழ்ந்து, இருமி, எச்சிலும் இரத்தமும் துப்பினான். தவழ்ந்த இடத்தில் சம்மட்டி கிடந்தது. எடுத்துக்கொண்டு எழுந்தான். சின்னவன் மூச்சு வாங்கிக்கொண்டு இடுப்பில் கைவைத்து நின்றிருந்தான், பார்க்கவில்லை.

மூட்டை வண்டியிலிருந்து இறங்கியது.

கிடாக்கள் முட்டிக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்ளப் போகும்போது அது இப்படித்தான் எழுந்து போகும். கடிக்காது, உறுமாது. இரண்டுக்கும் நடுவில் உடம்பை நுழைத்து, தோளால் ஒன்றை இந்தப் பக்கம், இடுப்பால் ஒன்றை அந்தப் பக்கம் தள்ளும். அதே மாதிரிதான் நடந்து வந்தது. தையல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, வெள்ளை நெஞ்சு முழுவதும் சிவப்பாகிக்கொண்டே வந்தது. "வேண்டாம்டா!" என்று பால்காரி கத்தினாள். அது சின்னவனின் தொடையில் தோளைக் கொடுத்துத் தள்ளியது. அவன் பின்னால் சாய்ந்தான். அவன் தலை இருந்த இடத்துக்கு வீசிய சம்மட்டி, நாயின் மண்டையில் இறங்கியது.

சத்தம் கம்பத்தில் அடிக்கிற மாதிரியேதான் இருந்தது. மூட்டை முன்னங்கால்களை மடித்து, ஆட்டோடு படுக்கிற மாதிரி படுத்தது. எழுந்திருக்கவில்லை.

பெரியவன் சம்மட்டியைக் கீழே போட்டான். நாயைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், கடைசியில் தம்பியைப் பார்த்தான்.

"நான் இதை அடிக்கலடா" என்றான், நசுங்கிப்போன தொண்டையில். "சத்தியமா அடிக்கல. உன்னைத்தான் அடிச்சேன்."

"தெரியும்" என்றான் சின்னவன்.

மன்னிப்பு இப்படியும் கேட்கிறார்கள் மனிதர்கள். பால்காரி நாயின் பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் இப்படி அழுது அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. கழற்றியது என் கை, என் கை என்று கையைத் தரையில் அடித்தாள். தையல்காரி பிடித்துக்கொண்டாள். கசாப்புக்காரரின் வேன் வந்தது. அவர் இறங்கிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

வெயில் ஏறியதும் அழுகையை நிறுத்திவிட்டு எழுந்தவள் அவள்தான். "கொன்னதைத் தின்ன இன்னைக்கே திரும்ப வரும்" என்றாள். ஓநாயின் வழக்கம் அங்கே எல்லோருக்கும் தெரியும். வாய் வைத்த இடத்தை அது விடாது. சூளையில் முழுச் சுவர் இல்லை. இரண்டு பட்டியிலும் நாய் இல்லை.

பிறகு நடந்ததெல்லாம் அவள் சொன்னபடி நடந்தது. செத்த ஆடுகளைக் கசாப்புக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். சின்னவனும் தையல்காரியும் மிச்சமிருந்த இருபத்தொன்பது நீல ஆடுகளை ஓட்டி வந்து சிவப்போடு அடைத்தார்கள். சேர்ந்து இருப்போமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பெரியவன் குழி தோண்டினான். மண் இறுகிக் கிடந்தது, மதியம் முழுவதும் தோண்டினான். தம்பி உதவிக்குப் போகவில்லை, அவனும் கூப்பிடவில்லை. நாயை இறக்கும்போது மட்டும் நாலு பேர் வேண்டியிருந்தது, அவ்வளவு கனம். மண் தள்ளி முடிந்ததும் பால்காரி கையைக் கழுவிக்கொண்டு, காலையில் விட்ட எட்டாவது ஆட்டைக் கறக்கப் போனாள். மடி கல்லாகிக் கிடந்தது.

பொழுது சாயும்போது ஆடுகள் அடங்கவில்லை. ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, பட்டிக்குப் பின்னாலிருந்த மேட்டைப் பார்த்து நின்றன. வழக்கமாக இந்த நேரத்துக்கு மூட்டை முதல் சுற்றுக்குக் கிளம்பியிருக்கும். குரைத்துக்கொண்டே வேலியோரமாகப் போகும். கடிப்பதெல்லாம் என்றைக்கோ ஒரு நாள், இந்தச் சத்தம்தான் தினமும் ஓநாயை மேட்டோடு நிறுத்தி வைக்கிறது. பட்டி அமைதியாக இருந்தது. அந்த அமைதியை அவளாலும் தாங்க முடியவில்லை.

பெரியவன் வீட்டுப் படியில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சங்கிலி பதிந்த இடம் கறுத்து வீங்கியிருந்தது. பால்காரி ஒரு தடியைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"எந்திரிங்க. வேலியைச் சுத்தி வாங்க. சத்தம் குடுத்துக்கிட்டே."

"தொண்டை போச்சுடி."

"அதுக்கும்தான் போச்சு. எந்திரிச்சு வரலையா?"

அவன் தம்பியைப் பார்த்தான். சின்னவன் காதுக்கட்டோடு வாசல் கம்பத்தில் சாய்ந்து மண்வெட்டியைப் பிடித்திருந்தான். பெரியவன் எழுந்தான். வேலியோரமாகப் பத்தடி நடந்து, "ஹோ" என்றான். காற்றுதான் வந்தது.

"இது ஓநாய்க்குக் கேக்காது" என்றாள் பால்காரி.

"பின்ன எப்படிடி கத்தறது?"

"நாலு வருஷமா அதைக் கேட்டுக்கிட்டுத்தானே நிம்மதியா தூங்கினீங்க. அப்படி."

அவன் நின்றான். மேட்டில் புதர் ஓரமாக எதுவோ அசைந்தது. ஆடுகள் ஒரே அலையாகப் பின்வாங்கின. பெரியவன் வாயைத் திறந்து, நசுங்கிய தொண்டையிலிருந்து ஒரு முறை குரைத்தான். பிறகு இன்னொரு முறை. கண்ணீர் வழிந்து வாய்க்குள் போனது, துடைக்கவில்லை. மூன்றாவது முறை சத்தம் வந்தது. ஆடுகள் காதைத் திருப்பின.

"இன்னும் சத்தமா" என்றாள் அவள்.

குரைத்துக்கொண்டே அவன் மூலை திரும்பி, கொட்டகைக்குப் பின்னால் போய், அந்தப் பக்கமாக வந்தான். பால்காரி வாசலில் நின்று, அவன் ஒரு சுற்று முடித்துத் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்தாள். நிறுத்தச் சொல்லவில்லை.